தோற்காத அணியின் ராசிக்காரி

கோல் கம்பத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து நீங்கள் எப்போதாவது ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் பந்தலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது வேறு ஆட்டம். பின்னால் இருந்தால் எல்லாமே வலை வழியாகத்தான். ஆள், பந்து, வானம், ரெஃப்ரி எல்லாம் சின்னச் சின்னக் கட்டத்துக்குள் வந்து போகும். ஜெசிந்தாவுக்கு இந்த வருஷம் முழுக்க உலகமே கட்டம் போட்டுத்தான் தெரிந்தது. கட்டங்களுக்கு நடுவில் கோலி லிட்வினின் முதுகு. வேர்வை உப்பு பூத்து, மஞ்சள் பனியன் ஒட்டிப்போன முதுகு. இன்றைக்கும் அதே முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பல்கலைக்கழகக் கோப்பையின் இறுதி ஆட்டம், பின்பாதி பாதிக்கு மேல் போய்விட்டது, இன்னும் யாரும் கோல் போடவில்லை, மடியில் அஸ்லின் கிடக்கிறாள், பத்து மாசப் பிள்ளை, பிள்ளை கொதிக்கிறது. கொதிக்கவில்லை, வெயில். நெல்லை வெயில் நம்ம கடற்கரை வெயில் மாதிரியா, இங்கே காற்றே அனலாகத்தான் வருகிறது, இதில் உட்கார்ந்தால் கல்லும் கொதிக்கும். வெயில்தான். ஆனால் வெயில் என்றால் கால் ஏன் ஜில்லென்று இருக்கிறது, தலை அடுப்புச்சட்டி மாதிரியும் கால் ஐஸ் பெட்டியில் போட்ட மீன் மாதிரியும் ஏன் இருக்கிறது. போன தடவையும் முதலில் கால்தான் ஜில்லிட்டது. அதை நினைக்காதே. பந்தைப் பார். பந்து அந்தக் கடைசியில் இருக்கிறது, யாரோ விழுந்து கிடக்கிறான், கிடக்கட்டும், எழும்ப நேரமானால் ஆட்டம் நீளும், எழும்பித் தொலையடா.

போன தடவை அவள் கணவன் வென்சிலாஸ் ஊரில் இல்லை. கல்லூரியில் அவன்தான் விளையாட்டு வாத்தியார், பையன்களைக் கூட்டிக்கொண்டு பயிற்சி முகாம் போயிருந்தான். பிள்ளைக்கு ஏழாம் மாசம். பிற்பகல் காய்ச்சல் ஏறியது, கால் ஜில்லிட்டது, அவள் மீன் கழுவிய கையைத் துடைத்துவிட்டு வந்து பார்ப்பதற்குள் பிள்ளையின் கண் மேலே போய்விட்டது. கறுப்பு முழியே இல்லாமல் வெறும் வெள்ளை. கை இரண்டும் முறுக்கி, வாயோரம் நுரை, உதடு நாவல்பழ நிறம். பக்கத்து வீட்டு பைக்கில் உட்கார்ந்து போனபோது பிள்ளை செத்துவிட்டது என்றே நினைத்தாள். அப்போது அவள் நினைத்தது என்ன தெரியுமா, அடுப்பை அணைத்தோமா என்று. இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டித்தான் சொன்னார், ஒருதடவை ஜன்னி வந்த பிள்ளைக்கு மறுபடியும் வரும், காய்ச்சலை ஏறவே விடாதே, ஏறினால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே நேரே இங்கே ஓடி வா, நாளைக்குப் பார்ப்போம், மருந்து கேட்குதா பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்காதே. உட்கார்ந்திருக்காதே. உட்கார்ந்துதான் இருக்கிறாள். காலையில் கொடுத்த மருந்தை வேனிலேயே கக்கிவிட்டது. வென்சிலாஸ் அதை எல்லாம் பார்த்ததில்லை. அவன் முகாம் முடிந்து வந்தபோது பிள்ளை தொட்டிலில் சிரித்துக்கொண்டு கிடந்தது, பொம்பளைங்க எல்லாத்தையும் பெருசாக்குவீங்க என்று சிரித்தான், அவளும் சிரித்தாள், சிரிக்கிற சுபாவம் அவளுக்கு, எதற்கும் முதலில் சிரிப்புத்தான் வரும், அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கு அவளைக் கொண்டுவந்து இங்கே உட்கார வைத்திருக்கிறது.

ஏனென்றால் ஆரம்பத்தில் இது சிரிப்பாகத்தான் இருந்தது. சீசனில் முதல் ஆட்டத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சும்மா வேடிக்கை பார்க்கப் போனாள், நிழல் இருந்த ஒரே இடம் கோல் கம்பத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம், அங்கே உரச்சாக்கை விரித்து உட்கார்ந்தாள். லிட்வின் பந்து வராத நேரமெல்லாம் திரும்பிப் பிள்ளைக்கு நாக்கைத் துருத்திக் காட்டினான், பிள்ளை சிரித்தது, பெனால்டி வந்தது, தடுத்துவிட்டான். மூன்று வருஷமாக முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டுகிற கல்லூரி அது, ஓலைக்கூரை உடற்பயிற்சிக் கூடமும் இரண்டு பழைய பந்தும்தான் சொத்து. ஜெயித்துவிட்டார்கள். மைனி இருந்ததாலதான் என்றான் லிட்வின், வாத்தியார் பெண்டாட்டி பையன்களுக்கெல்லாம் மைனி, அண்ணி. அடுத்த ஆட்டத்தில் பந்தலுக்குள் உட்கார்ந்தவளை ஹாஃப் டைமில் வந்து கெஞ்சினான், மைனி, பின்னால வந்து இருங்க, முதுகு கூசுது. போய் உட்கார்ந்தாள். ஜெயித்தார்கள். அப்புறம் அந்தப் பச்சைச் சுடிதார்தான் போட வேண்டும் என்று வந்தது. அந்த உரச்சாக்குத்தான் விரிக்க வேண்டும் என்று வந்தது. ஹாஃப் டைமில் அணி பக்கம் மாறினால் அவளும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி மறுகோடிக்கு நடக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்னால் பதினோரு பேரும் வரிசையாக வந்து பிள்ளையின் காலைத் தொட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஆட்ட நாளில் சார் மைனி முகத்தைப் பார்க்கக்கூடாது, ஒருதடவை பார்த்துவிட்டுப் போய்க் கேப்டனுக்குக் கால் பிசகியது என்பதால். எல்லாம் சிரிப்புத்தான். கால் இறுதியில் பிள்ளை பாலுக்கு அழுததென்று வேப்பமரத்துக்குப் பின்னால் போய் ஷாலை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்தாள், பிள்ளை வாய் வைத்ததும் அங்கே ஓவென்று சத்தம், கோல் விழுந்துவிட்டது, சீசனில் அவர்கள் வாங்கிய ஒரே கோல். கேப்டன் ஓடி வந்து மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, மைனி, தயவுசெஞ்சு, என்றான். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள், உட்கார்ந்தாள், இரண்டு கோல் போட்டு ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆட்டம் நடக்கும்போது பால் கொடுக்கக்கூடாது என்பதும் அன்றைக்குத்தான் சட்டமானது.

பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். கல்லூரித் தாளாளர் மேடையில் அவளை எழுப்பி நிறுத்தி, நம்ம அணியின் பன்னிரண்டாவது ஆள் என்றார், கைதட்டினார்கள், பத்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கல்லூரியில் கைதட்டு. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். சந்தையில் மீன்காரி ஒரு கிலோவுக்கு மேல் இரண்டு சாளை சேர்த்துப் போட்டாள், ராசிக்காரிக்கு என்று. வென்சிலாஸ் ஆறு வருஷமாகத் தற்காலிக வாத்தியார், கோப்பை வந்தால் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று தாளாளர் சொன்ன ராத்திரி அவன் இவள் காலைப் பிடித்துச் சொடுக்கு எடுத்துவிட்டான். நல்லவன்தான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைத் துணி எல்லாம் அவன்தான் அலசுவான். நல்லவன்தான், நல்லவன்தான், ஹாஃப் டைமில் அந்த நல்லவனிடம்தான் போய் நின்றாள், பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுது, ஆஸ்பத்திரி போகணும் என்றாள், அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான், பார்க்கக்கூடாதே, கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவினான், துழாவின கைக்குப் பிள்ளையின் கால் அகப்பட்டது. "ஜில்லுனுல்லா இருக்கு, இதப்போயி காய்ச்சல்ங்கிற." "தலையத் தொட்டுப் பாருங்க." "பல்லு முளைக்க சூடு. இன்னும் ஒரு பாதிதான ஜெசி. முடிஞ்சதும் நானே தூக்கிட்டு ஓடுதேன்." "போன தடவையும் இப்பிடித்தான் கால் முதல்ல—" "பையன்மாரு பாக்கானுவ. போ. போயி இரி." தலையைத் தொடவில்லை. தொட்டிருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்துவிடும் என்றுதான் தொடவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் பதினோரு பேர் தொட்டார்களே, பதினோரு கை, அப்போது கால் சுட்டது, ஒருத்தன்கூடக் காய்ச்சல் என்று சொல்லவில்லையே, ஒருத்தன் மட்டும் சொன்னான், இன்னைக்குப் பிள்ளை நல்ல சூடா இருக்கு மைனி, கோல் மழைதான் என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த வாயில் மண்ணைப் போட.

எழும்பிப் போயேன். யார் கட்டிப்போட்டது. கட்டித்தான் போட்டிருக்கிறது, பக்கத்தில் கேப்டனின் அம்மா கிளாடிஸ் அக்கா உட்கார்ந்து இவள் ஷாலின் ஒரு நுனியைத் தன் செபமாலையோடு சேர்த்துக் கையில் சுற்றிக்கொண்டிருக்கிறாள், பாசத்தோடுதான், வேண்டுதலாம். பின்னால் வேனில் வந்த ஆதரவாளர் கூட்டம் அரைவட்டமாக நிற்கிறது, தகரத்தைத் தட்டிக்கொண்டு. முன்னால் வலை. கொஞ்சம் முன்னால் ஒருதடவை எழும்பத்தான் செய்தாள், ஒரு முட்டியை ஊன்றியிருப்பாள், சரியாக அப்போதுதான் எதிரணிக்காரன் அடித்த பந்து மேல்கம்பியில் பட்டு டங்கென்று சத்தம், கூட்டம் மொத்தமும் "இரிங்க மைனி, இரிங்க, இரிங்க" என்று ஒரே குரலில் கத்த, தோளில் ஒரு கை, தலையில் ஒரு கை, யார் கை என்றே தெரியாது, அமுக்கியது. கை அமுக்கும் முன்னாலேயே முட்டி தானாக மடங்கிவிட்டது, அதுதான் அவளால் விழுங்க முடியாதது. கம்பியில் பட்டதே. எழும்பினேன், கம்பியில் பட்டதே. ஒருவேளை நிஜந்தானோ. நிஜமென்றால் பிள்ளையையும் அந்த ராசி காக்காதா, ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஜெயிக்க வைக்கிற ராசி பெற்ற பிள்ளையை விட்டுவிடுமா. போய்விட்டு, ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை, வெயில் சூடு என்று சொல்லி அனுப்பிவிட்டால், இங்கே தோற்றுப்போனால், அப்புறம் அவள் அந்த ஊரில் எந்தக் கடையில் உப்பு வாங்குவது. சாகும்வரை சொல்வார்கள். கல்யாண வீட்டில், துக்க வீட்டில், கோவில் வாசலில், இவதான் எழும்பிப் போனவ. வென்சிலாஸ் ஒன்றும் சொல்ல மாட்டான். சொல்லாமலே துணி அலசுவான். அதுதான் பயம்.

"அக்கா, பிள்ளைக்குச் சுகமில்ல. விடுங்க, நான் ரோட்டுல ஒரு ஆட்டோ பிடிச்சிக்கிடுதேன்." கிளாடிஸ் அக்கா மணியை உருட்டுவதை நிறுத்தாமல் பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். "உறங்குதுட்டி." "உறங்கல அக்கா. அழவே மாட்டேங்குது." "அழாட்டி நல்லதுதான. என் மவனுக்கு நாலு பல்லும் ஒண்ணா வந்துச்சு, தீயா சுட்டான், நான் கடற்கரையில கருவாடு காயப்போட்டுட்டுதான் இருந்தேன். இப்பம் பாரு, கேப்டன்." அழவே மாட்டேங்குது. முன்பாதியில் அழுதது, அழுத அழுகைக்குப் பால் பொங்கிச் சுடிதார் முன்பக்கம் நனைந்து, இப்போது காய்ந்து மொரமொரவென்று குத்துகிறது. பத்தடி தூரத்தில் கோலி நிற்கிறான், அவனுக்குத் தண்ணீர் பாட்டில் வேண்டிய மட்டும் கிடக்கிறது, பிள்ளையின் வாய்க்கு மட்டும் சட்டம். இப்போது கொடுத்தாலும் குடிக்காது, யாரும் பார்க்காமல் ஷாலுக்குள் வைத்துப் பார்த்தாள், உதடு பிடிக்கவில்லை. லிட்வினின் பாட்டிலைக் கேட்டு வாங்கி ஷாலின் மறுநுனியை நனைத்துத் துடைத்தாள், நனைத்த துணி நெற்றியில் வைத்த வேகத்தில் காய்ந்தது. அரை இறுதியில் எதிரணிப் பையன் ஒருத்தனுக்கு இதே மாதிரி கோல் முன்னால்தான் கால் முறிந்தது. பச்சைக் கம்பு ஒடிகிற சத்தம் இவளுக்கு நன்றாகக் கேட்டது, அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது நம்ம கூட்டம் தகரத்தைத் தட்டிச் சாவு மேளம் அடித்தது. அவள் என்ன செய்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துத் தாளத்துக்குத் தட்ட வைத்தாள். அப்பாடா, அவன் போனால் ஆபத்து இல்லை என்று நினைத்தாள். யாரோ பெத்த பிள்ளை, அவன் அம்மா அங்கே எங்கேயாவது இருந்திருப்பாளோ, இருந்தால் என்னைப் பார்த்திருப்பாளோ, என் கைப் பிள்ளையைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள். வேண்டாம். பந்தைப் பார்.

பந்து இந்தப் பக்கம் வருகிறது. எதிரணியின் நெட்டைப் பையன் ஒருத்தன் ஒதுங்கி ஒதுங்கி வருகிறான், நம்ம கேப்டனைத் தாண்டிவிட்டான், வா, என்றது அவளுக்குள் ஏதோ ஒன்று. தெளிவாகக் கேட்டது. வா, வா மக்கா, அடி. அவன் அடித்தான், லிட்வின் காற்றில் படுத்துத் தட்டிவிட்டான், கூட்டம் ஓலமிட்டது, கிளாடிஸ் அக்கா இவள் கன்னத்தில் முத்தமே கொடுத்தாள், இவள் கன்னம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. நான் என்ன சொன்னேன். வா என்றா சொன்னேன். சொன்னேன். ஒரு கோல் விழுந்தால் போதும். நான் இங்கேயே, இந்தச் சாக்கிலேயே, இந்தச் சுடிதாரிலேயே இருக்கும்போது ஒரு கோல் விழுந்தால் ராசி செத்துப்போகும். ராசி செத்தால் இவளை யாருக்கு வேண்டும். ஷாலை விட்டுவிடுவார்கள், வழி விடுவார்கள், காறித் துப்பினாலும் துப்பட்டும், துப்பிய வழியாகவே நடந்து ரோட்டுக்குப் போய்விடலாம். விழாவிட்டால்? விழாவிட்டால் கூடுதல் நேரம் என்று இரண்டு துண்டு ஆட்டம், அதிலும் விழாவிட்டால் பெனால்டி, ஒவ்வொருத்தனாக வந்து நின்று, நெற்றியைத் தொட்டு, கண்ணை மூடி, வாத்தியார் பெண்டாட்டிக்கு இதெல்லாம் அத்துப்படி. அது வரைக்கும் பிள்ளை தாங்காது. மடியில் ஒரு துடிப்பு. இல்லை, அவள் தொடைதான் துடித்தது. இல்லை, பிள்ளையின் கை. சுண்டுவிரல் மட்டும் ஒரு இழு இழுத்தது. பிள்ளையின் இமையைத் திறந்து பார்த்தாள், கறுப்பு முழி இருக்கிறது, இருக்கிறது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்கு மேலே எதையோ பார்க்கப் போகிற மாதிரி மெல்ல நகர்கிறது. மாதாவே, நெட்டைப் பையன் காலில் பந்தைக் கொடு. மறுபடி வந்தான். மறுபடி அடித்தான். லிட்வின் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான், பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. அந்தக் கைகளை அவள் வெறுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் அஸ்லினைத் தோளில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோகிற கைகள், அவை ஒடிந்தால் என்ன என்று நினைத்தாள். நினைத்துவிட்டு நிதானமாக இருந்தாள்.

அவனுக்கு இன்றைக்கு என்ன நாள் என்று அவளுக்குத் தெரியும். சென்னையிலிருந்து ஒரு கிளப்காரர் பந்தலில் வந்து உட்கார்ந்திருக்கிறார், இவனைப் பார்க்கத்தான். அப்பா கடலில் போனவர் வரவில்லை, அம்மா படுத்த படுக்கையில், தங்கச்சி இரண்டு பேர், இவனுக்கு இருப்பது இந்தக் கை இரண்டும்தான். அவனிடம் அதைக் கேட்கக்கூடாது. கேட்கிற ஆளா நான். முதலில் நியாயமாகத்தான் கேட்டாள், பந்து அந்தப் பக்கம் போயிருந்தபோது வலையோடு ஒட்டி, "லிட்வினே, பிள்ளைக்கு ஜன்னி வரப்போவுது, நான் எழும்புதேன்டே, நீ அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லு, நீ சொன்னா விடுவாங்க." அவன் திரும்பவில்லை. முதுகுதான் பேசியது. "மைனி, ஆண்டவராண சொல்லுதேன், நீங்க எழும்புனா எனக்குக் கை வராது." "பிள்ளைடே. நம்ம அஸ்லின்." "தெரியும் மைனி. எனக்குத் தெரியாதா. இன்னும் கொஞ்சந்தான். நான் ஒரு பந்தையும் விடமாட்டேன், நீங்க பயப்படாதீங்க." நான் விடமாட்டேன் என்கிறான் பாவி. விடமாட்டான் என்பதுதான் பயம் என்று இவனுக்கு எப்படிச் சொல்ல. அவனும் இருபது வயசுப் பிள்ளைதான், இந்த ராசியைக் கண்டுபிடித்தவனே அவன்தான், அதிலிருந்து இறங்க அவனுக்கும் வழி தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு வலைதான், அந்தப் பக்கம் அவன் மாட்டியிருக்கிறானா இந்தப் பக்கம் நானா.

விசில். எதிரணிக்குக் கார்னர். எல்லோரும் கோல் முன்னால் வந்து நெரித்துக்கொண்டு நின்றார்கள், தள்ளினார்கள், கெட்ட வார்த்தை சொன்னார்கள், வேர்வை நாற்றம் வலை வழியாக முகத்தில் அடித்தது. தூரத்தில் கோட்டோரம் வென்சிலாஸ் கையை ஆட்டி எல்லோரையும் எண்ணிக்கொண்டிருந்தான், இந்தப் பக்கம் மட்டும் பார்க்காமல். ரெஃப்ரி கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். கிளாடிஸ் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள், கூட்டத்தின் தகரம் நின்றது. கொடிக்கம்பத்தோரம் நெட்டைப் பையன் பந்தை வைத்து, பிடிக்காமல், எடுத்து, மறுபடி வைத்தான். மடியில் பிள்ளையின் முதுகு வில் மாதிரி ஒருதடவை விறைத்துத் தளர்ந்தது. லிட்வின் இவள் பக்கக் கம்பத்தோடு ஒட்டி நின்றான், கையை எட்டிப் பிடிக்கலாம், காது மடலில் வேர்வை சொட்டுவது தெரிந்தது. ஜெசிந்தா பிள்ளையை நெஞ்சோடு தூக்கி அணைத்து, வலையில் முகம் பதிய, மற்றவர்கள் யாருக்கும் கேட்காத குரலில், வீட்டில் அவனுக்குச் சோறு போடும்போது பேசுகிற குரலில் பேசினாள்.

"லிட்வினே, திரும்பாத, கேளு. நான் எழும்பல, இங்கதான் இருக்கேன். இந்த ஒண்ண விட்டுரு மக்கா."